வயசுக்கு ஒரு வேலை

எல்லாரும் வந்தாயிற்றா என்று ஒருத்தி படுக்கையில் கிடந்தபடியே கேட்கிறாள். எண்ணிச் சொல்கிறோம், அதுவரை தூங்கிப் பொழுதைப் போக்காதே என்கிறார்கள் வாசலில் நிற்பவர்கள். அப்புறம் அவர்களுக்கே அலுத்துவிடுகிறது. நீயே எழுந்து வந்து எண்ணிக்கொள், ஆள் குறைந்தால் திரும்பிப் போய்த் தூங்கிக்கொள் என்று ஒரே போடாகப் போடுகிறார்கள். திருவெம்பாவையின் நான்காம் பாட்டில் வரும் கேலி இது. பக்திக் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை என்ற புலம்பல் நம் காலத்தில்தான் வந்தது என்று யாராவது நினைத்தால், மாணிக்கவாசகர் காலத்திலேயே வருகைக் கணக்கு ஒரு தகராறாகத்தான் இருந்திருக்கிறது.

இந்த இருபது பாட்டும் அடி அண்ணாமலையில் பாடப்பட்டவை என்பது திருவண்ணாமலைக்காரர்களின் நம்பிக்கை. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் ஊருக்கு நேர் எதிர்ப்பக்கம், மலைக்கு மேற்கே இருக்கிறது இந்த ஊர். இங்கே ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் கொண்டிருக்கிறார். பிரம்மன் பூசித்த லிங்கம் என்பார்கள். பாதையோரத்தில் மாணிக்கவாசகருக்குத் தனிக் கோயிலும் உண்டு. மார்கழி இருட்டில் பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கொண்டு குளத்துக்குப் போனதை இங்கிருந்து பார்த்துத்தான் அவர் பாடினாராம். பார்த்தாரோ இல்லையோ, பாட்டில் மலை இருக்கிறது. முதல் பாட்டே ஆதியும் அந்தமும் இல்லாத சோதியைச் சொல்லித் தொடங்குகிறது. ஐந்தாம் பாட்டில் மாலும் நான்முகனும் காணாத மலை வருகிறது. பதினெட்டாம் பாட்டு அண்ணாமலையானின் திருவடியில் ஆரம்பிக்கிறது.

எல்லா வயதினரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பக்தியை வளர்ப்பது எப்படி என்று இன்றைக்குக் கோயில்களிலும் தேவாலயங்களிலும் யோசிக்கிறார்கள். சைவத்துக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்கவே கூடாது. சந்நிதியில் வரிசையாக நிற்கும் நால்வரைப் பாருங்கள். மரபுக் கணக்கில் சம்பந்தருக்கு வயது 16, சுந்தரருக்கு 18, மாணிக்கவாசகருக்கு 32, அப்பருக்கு 81. மூன்று வயதில் பாடத் தொடங்கிய பிள்ளை, தள்ளாத கிழவரை ‘அப்பரே’ என்று அழைக்கிறது. அந்தக் கிழவரோ பிள்ளை ஏறிவந்த பல்லக்குக்குத் தோள் கொடுத்து, நான் இங்கே இருக்கிறேன் என்று கீழேயிருந்து குரல் கொடுக்கிறார். இருவருமே அண்ணாமலைக்கு வந்து பதிகம் பாடியவர்கள். பெரியவர் சொல்லச் சின்னவர் கேட்டுக்கொள்வதுதான் முறை என்பதை நால்வர் கதை ஏற்கவில்லை. நாம்தான் அப்படி ஏற்படுத்திக்கொண்டோம்.

வட ஆர்க்காட்டுப் பக்கத்து ஊர்களில் பஜனைக் கோயில் என்று ஒன்றைப் பார்க்கலாம். கோபுரமும் கொடிமரமும் இருக்காது. ஓட்டுக் கூரை, சுவரில் ராமர் படம், மூலையில் ஓர் ஆர்மோனியப் பெட்டி, அவ்வளவுதான். மார்கழி பிறந்தால் விடியற்காலையில் கூட்டம் அங்கிருந்து கிளம்பும். திருப்பாவையும் பாடுவார்கள், திருவெம்பாவையும் பாடுவார்கள், நடுநடுவே ராமநாமமும் வரும். மலை சிவனுடையது, படம் ராமருடையது என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கு, சும்மாடு கட்டிய ஒரு பையனின் தலையில் இருக்கும். ஜால்ரா அவனைவிடச் சின்னவனிடம். மிருதங்கம் மீசை அரும்பியவர்களிடம். அடி எடுத்துக் கொடுப்பது தாத்தாக்களின் உரிமை. மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். கூட்டம் தெருவில் திரும்புவதற்குள் வாசலில் சாணம் தெளித்து, கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகி வைத்திருக்க வேண்டும். அது வீட்டுப் பெண்களின் பாடு. பூப்பறிக்கப் பேத்தி ஓடுவாள், கோலத்துக்குப் புள்ளி சொல்வது ஆயா.

பாடம் என்று எதுவும் நடக்காது. தாளம் பிசகினால், “டேய், தாத்தா கையைப் பார்த்துப் போடுடா” என்று ஓர் அதட்டல் விழும். மாதம் முடிவதற்குள் பாட்டு வாயில் ஏறிவிடும். பொருள் எப்போதோ, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு ஒருநாள், தானாக வந்து சேரும். கடைசியில் தொன்னையில் பொங்கலோ சுண்டலோ கிடைக்கும். பொடிசுகள் வந்ததே அதற்குத்தான். பெரியவர்களுக்கும் அது தெரியும், அதை யாரும் குற்றமாகச் சொன்னதில்லை.

இதே ஏற்பாட்டைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் கார்த்திகைத் தீபத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலை டவுனுக்குள் வர வேண்டும். ஆறாம் நாள் 63 நாயன்மார்களின் திருமேனிகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தோளில் சுமந்து மாடவீதி சுற்றுகிறார்கள். ஏழாம் நாள் தேரோட்டம். விநாயகர், முருகன், பெரிய தேர் என்று வரிசையாக நகரும். அம்மன் தேர் வடம் பெண்கள் கையில். சண்டிகேஸ்வரர் தேரை இழுப்பது சிறுவர்கள். அதே மாடவீதியில் இன்னொரு காட்சியும் உண்டு. பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் கரும்பில் தொட்டில் கட்டி, கைக்குழந்தையை அதில் போட்டு, அப்பன் ஒருபுறமும் உறவினர் ஒருபுறமுமாகத் தூக்கிக்கொண்டு வலம் வருவார்கள். நடக்கத் தெரியாத சிசுவுக்கும் இங்கே ஓர் ஊர்வலம் உண்டு. செத்துப்போனவரையும் விடவில்லை. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனாக நின்று, மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளித் திதி கொடுக்கிறார். சரித்திரத்தில் மூன்றாம் வல்லாளனுக்கு மகன் உண்டு, அவன் பட்டத்துக்கும் வந்தான். அது சரித்திரத்தின் பாடு. ஊர் தன் கதையை விடுவதாக இல்லை.

மலை உச்சியில் தீபம் ஏற்றுகிறவர்கள் பர்வதராஜகுலத்தார், மீனவ மரபினர். பரம்பரை உரிமை அது. செப்புக் கொப்பரையையும் ஆயிரம் மீட்டர் திரித்துணியையும் 3,500 கிலோவுக்குக் குறையாத நெய்யையும் 2,668 அடி உயர மலைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இளந்தோள்கள் இல்லாமல் கொப்பரை ஏறாது. திரியை எப்படி மடிப்பது, காற்றடித்தால் சுடரை எப்படி நிறுத்துவது என்பது மூத்தவர்கள் இல்லாமல் தெரியாது. இங்கே பக்தியைச் சொல்லிக் கொடுத்தவர் யார், கற்றுக்கொண்டவர் யார் என்று பிரிக்கவே முடியாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு உச்சியில் சுடர் தெரிந்ததும் சுற்றுப்பட்ட ஊர்களில் வாசல் விளக்கு ஏற்றுவார்கள். அடுத்த நிமிஷம் பிள்ளைகள் மாவளியோடு தெருவில் இறங்கிவிடுவார்கள். மாவளி கடையில் கிடைத்த பொருள் அல்ல. ஆண்பனையின் காய்ந்த பூக்கதிரைப் பொறுக்கி வந்து, குழி வெட்டிப் போட்டுக் கொளுத்தி, சாம்பலாகிவிடாமல் மண்ணைத் தள்ளி மூட வேண்டும். மறுநாள் கரியை எடுத்து நைசாகப் பொடித்து, பழைய வேட்டித் துணியில் கொட்டிச் சுருட்டி, நூலால் நெருக்கிக் கட்ட வேண்டும். அதைப் பனைமட்டைக் கீற்றுகளுக்கு நடுவில் வைத்து இறுக்கி, நுனியில் கயிறு கட்டினால் மாவளி தயார். தணலில் காட்டி, பற்றிக்கொண்டதும் தலைக்குமேல் சுற்றினால் பொறி வட்டமாகக் கொட்டும். எந்தப் பனை ஆண்பனை என்று காட்ட ஒரு தாத்தா வேண்டும். குழியை எப்போது மூடுவது என்பதில்தான் சூட்சுமம். அதுவும் அவர் கணக்கு. துணி கிழித்துத் தருவது ஆயா. சுற்றுவதற்கு மட்டும் பன்னிரண்டு வயதுக் கை வேண்டும். இப்போது பல வீடுகளில் அந்த இடத்துக்கு மத்தாப்புப் பெட்டி வந்துவிட்டது. மத்தாப்புக்குத் தாத்தா தேவையில்லை.

இதையெல்லாம் பொற்காலமாக எழுதிவிட்டால் பொய் சொன்னதாகும். எல்லா வயதினரும் வந்தார்கள், ஆனால் எல்லாரும் வரவில்லை. மார்கழி பஜனை ஊர்த்தெருக்களைச் சுற்றிவிட்டுச் சேரி எல்லைக்கு வராமலே திரும்பிய ஊர்கள் ஏராளம். ஆலய நுழைவுக்கு வழிவிட்ட சட்டம் சென்னை மாகாணத்தில் 1939-இல் வந்தது. இதே திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனது 2023 ஜனவரி 30-ஆம் தேதி, அதிகாரிகளும் காவலர்களும் கூட நிற்க. திருவெம்பாவை முழுக்கப் பெண்பிள்ளைகளின் குரல். ஆனால் அதைத் தெருவில் பாடியது ஆண்கள் கூட்டம், சந்நிதியில் பாடியது ஆண் ஓதுவார். 2021-இல் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலுக்கு ஒரு பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்டது செய்தியானதே, நிலைமை எவ்வளவு காலம் மாறாமல் இருந்தது என்பதற்குச் சாட்சி. அன்றைய கூட்டு வழிபாட்டை மீட்க நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்த்துவிட்டே மீட்க வேண்டும்.

பிள்ளைகளைத் தனியே பிரித்து உட்காரவைத்துச் சமயம் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் நமக்குப் பழசு இல்லை. இங்கிலாந்தின் கிளவுசெஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் 1780-இல் தொடங்கிய ஞாயிறுப் பள்ளி உலகெங்கும் பரவியது. மிஷனரிகளோடு யாழ்ப்பாணத்துக்கும் தமிழகத்துக்கும் வந்தது. மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஆறுமுக நாவலர் அந்தக் கருவியின் பலத்தைப் புரிந்துகொண்டார். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். படிப்படியாக ஏறும் பாலபாடங்களையும் சைவ வினாவிடையையும் எழுதி அச்சிட்டார். காலத்தின் தேவை அது. நாவலர் இல்லாவிட்டால் ஈழத்துச் சைவம் இன்றைய உருவில் இருந்திருக்காது. ஆனால் வகுப்பு என்று வந்துவிட்டால் வயதுவாரியாகப் பிரிப்பதும் வந்துவிடுகிறது. இன்றைக்குக் கோயிலில் திருப்பாவை, திருவெம்பாவை ஒப்பித்தல் போட்டி வைத்தால், இந்த வகுப்பு முதல் இந்த வகுப்பு வரை ஒரு பிரிவு, அதற்கு மேலே இன்னொரு பிரிவு. பெற்றோர் வெளியே செல்போனோடு நிற்கிறார்கள். பிள்ளை பரிசு வாங்கியதும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மார்கழி முதல் வாரத்திலோ அரையாண்டுத் தேர்வு. விடியற்காலை என்பது டியூஷனுக்கு உரிய நேரம். அண்ணன்மார் பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள். மிருதங்கத்துக்கு ஆள் கிடைக்காத பஜனைக் குழுவுக்கு ஒலிபெருக்கியும் பென்டிரைவும் துணை.

கிரிவலத்தின் கதை வேறு மாதிரி. அங்கே ஆளுக்குப் பஞ்சமே இல்லை. 1896-இல் பதினாறு வயதுப் பையனாக வந்துசேர்ந்த ரமணர், 1926 வரை அன்பர்களோடு மலை சுற்றினார். அது வேகநடை இல்லை. மாலையில் கிளம்பி, வழியில் மண்டபங்களில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, பாடிக்கொண்டும் மௌனமாகவும் நடந்து, மறுநாளோ அதற்கு மறுநாளோ திரும்புவார்கள். அவருடைய அட்சரமணமாலையே, பிட்சைக்குப் போகும் அடியார்கள் தெருவில் சேர்ந்து பாட ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டதால் பிறந்தது. இன்று பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலை வழியாகப் போகிறவர்கள் லட்சக்கணக்கில். தெலுங்குப் பிரசங்கங்கள் கேட்டு ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிறவர்கள் பெருகிவிட்டதால் டீக்கடைப் பலகையில்கூடத் தெலுங்கு எழுத்து. 2024-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வரை ஓடிய ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். அன்னதானத்துக்குக் குறைவில்லை, விளக்குக்குக் குறைவில்லை. மண்பாதையில் முள்ளை மிதித்துக்கொண்டு போன காலத்தை நினைத்து ஏங்குவதற்கு எதுவும் இல்லை.

தள்ளுவண்டியில் குழந்தை, கையில் கோலூன்றிய பாட்டி, காதில் இயர்போன் மாட்டிய கல்லூரிப் பையன் என்று எல்லா வயதும் ஒரே பாதையில் போகின்றன. ஆனால் ஒரே குடும்பத்துக்குள்ளேயே வேகம் வேறாகி, வரிசை அறுந்து, “எந்த லிங்கத்துக்கிட்ட நிக்கிறீங்க?” என்று செல்போனில் தேடிக்கொள்கிறார்கள். முழங்கால் வலிக்கிற அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிடுகிறார்கள், எட்டு லிங்கத்தையும் இறங்கி இறங்கிக் கும்பிட்டு அவர் முன்னதாக ஊர் திரும்பிவிடுகிறார். கூட்டம் இருக்கிறது, சேர்க்கை இல்லை. இந்தப் பாதையில் யாருக்கும் யாரும் தேவைப்படவில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பஜனையில் ஜால்ராக்காரன் வராவிட்டால் பாட்டு நொண்டும். பௌர்ணமிக் கூட்டத்தில் யார் வராவிட்டாலும் யாருக்கும் தெரியாது.

நம்பிக்கை தருகிற மாற்றமும் ஒன்று நடந்திருக்கிறது. திருவாசக முற்றோதல் இந்த இருபது முப்பது ஆண்டுகளில் ஊர்தோறும் பரவிவிட்டது. திருக்கழுக்குன்றம் தாமோதரன் போன்றவர்கள் இதற்கென்றே ஊர் ஊராகப் போனார்கள். காலையில் உட்கார்ந்தால் 51 பகுதிகளும் அறுநூற்றுச் சொச்சம் பாட்டும் முடிய மாலையாகிவிடும். கல்யாண மண்டபத்துத் தரையில் ஜமுக்காளம் விரித்திருக்கும். பக்கம் தவறவிட்ட மாமியாருக்கு மருமகள் விரல் வைத்துக் காட்டுவாள். பெரிய எழுத்துப் புத்தகம் பாட்டியிடம், மடியில் பேரன். சிவபுராணத்தைப் பார்க்காமல் சொல்லிவிடும் பிள்ளை, நடுப்பகலில் அங்கேயே சுருண்டு தூங்கிவிட்டு, திருப்பொற்சுண்ணத்தின் துள்ளல் கேட்டு எழுந்து உட்காரும். ஆண் பெண் என்றோ, எந்தத் தெருக்காரர் என்றோ பொதுவாக யாரும் கேட்பதில்லை. அடியார்களுக்குப் பரிமாறும் வேலையை இளைஞர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உழவாரப்பணிக் குழுக்களிலும் இப்படித்தான்: மதிலில் முளைத்த செடியைப் பிடுங்க ஒருவர் ஏற வேண்டும், ஏணியைப் பிடிக்க ஒருவர், எது வேர் எது கல்லின் விரிசல் என்று கீழேயிருந்து சொல்ல ஒருவர். வேலை இருக்கும் இடத்தில் வயது கலந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான உதாரணம் பாங்காக்கில் இருக்கிறது. திரியம்பாவை என்ற விழாவில் அங்குள்ள அரசவைப் பிராமணர்கள் திருவெம்பாவையை இன்றும் ஓதுகிறார்கள். தனிநாயகம் அடிகளும் தெ.பொ.மீனாட்சிசுந்தரனாரும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அண்ணாமலையில் பிறந்த பாட்டு கடல் கடந்து போய் நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தது பெரிய காரியம்தான். ஆனால் ஓதுகிறவர்களுக்கு அது தமிழ் என்ற உணர்வோடு புரிவதில்லை. ஊர்ச்சனம் கூடிப் பார்த்த மாபெரும் ஊஞ்சல் 1935-இல் நின்றுபோனது. கோயிலுக்குள் பூசகர்களின் சடங்கு மட்டும் தொடர்கிறது. தோழியை எழுப்புகிற கேலியும் குளத்தில் குதிக்கிற கும்மாளமும் போய், மந்திரம் எஞ்சியிருக்கிறது. ஒலிபெருக்கியிடம் ஒப்படைத்துவிட்டால் நமக்கும் அதே கதிதான். அவர்களாவது வாயால் ஓதுகிறார்கள்.

ஆகவே, மார்கழிக்கு ஏற்பாடு செய்யும் கோயில் நிர்வாகிகளுக்கும் மன்றத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். ஒப்பித்தல் போட்டியில் வயதுவாரிப் பிரிவுகள் இருந்துவிட்டுப் போகட்டும். கூடவே இன்னொரு பிரிவும் சேருங்கள். தாத்தாவோ பாட்டியோ, பேரனோ பேத்தியோ, இருவரும் சேர்ந்து மேடையேறி ஆளுக்கு ஓர் அடியாகப் பாட வேண்டும். சொந்தப் பாட்டி ஊரில் இல்லாத பிள்ளைக்கு எதிர்வீட்டுப் பாட்டி போதும். அடுத்த தெருப் பாட்டியானால் இன்னும் நல்லது. பஜனைக்குக் கிளம்பும்போது மைக்கைப் பெரியவர் கையிலேயே வைத்துக்கொள்ளாமல் நாலாம் வகுப்புப் பெண்ணிடம் ஒரு பாட்டுக்காவது கொடுங்கள். எந்தத் தெருவையும் விட்டுவிடாமல் சுற்றி வாருங்கள். தேர்வு நாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நேரமில்லை என்ற கவலை வேண்டாம். திருவெம்பாவையின் இருபது பாட்டையும் நிதானமாகப் பாடி முடிக்க அரை மணி நேரம் போதும்.